ஒழுகாத கார்

கார் வாங்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள், ரயரை உதைத்துப் பார்ப்பார்கள், எத்தனை மைல் ஓடியது என்று கேட்பார்கள். என் அப்பா ஒரு வாளி தண்ணீர் கேட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. திருகோணமலை நகரத்தில் அலுவலக எழுத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் அப்பாவும் நானும் என்னைவிட ஒரு வயது இளைய தம்பியும் நின்றோம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மாமர நிழலில் ஒரு கறுப்பு மொரிஸ் மைனர். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார் மனிதர். வாளி என்றதும் அவர், "குடிக்கவோ? இருங்கோ, செம்பில கொண்டுவரச் சொல்லுறன்," என்றார்.

"குடிக்க இல்லை ஐயா. காருக்குள்ள ஊத்த."

இலிகிதரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காருக்குக் குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். "உங்கட அப்பாவுக்கு விசர் கிசர் பிடிச்சிருக்கோ?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி மாமரத்தில் காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மானம் போயிற்று. அப்பா மட்டும் ஆறுதலாக, "ஒழுகுதோ எண்டு பாக்கத்தான் ஐயா. ஒழுகாட்டி இப்பவே எடுக்கிறன்," என்றார். நாங்கள் வெளியே வந்ததும் படலை சாத்தப்பட்ட சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் நகரத்துக்கு வடக்கே சல்லி என்ற கரையூரில் கடற்றொழில் செய்த குடும்பம், அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. பழைய வள்ளத்தை விலைக்கு எடுக்கும்போது அதைக் கரையில் இழுத்து, கட்டைகளின்மேல் தூக்கி வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டு, அடியில் குந்தியிருந்து பார்ப்பார்கள். எங்கே சொட்டுகிறதோ அங்கே பழுது. எவ்வளவு வர்ணம் பூசினாலும் தண்ணீருக்கு மறைக்க ஏலாது என்பார் அப்பா. அவர் அதுவரை விலை பேசி வாங்கிய பெரிய சாமான் எல்லாம் வள்ளம்தான். காரும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஒன்றுதானே, அதற்கு மட்டும் என்ன வேறு சட்டம் என்பது அவருடைய கட்சி.

கார் எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் படிப்பதற்கு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் ஒருமுறை என் காலை வாரிவிட, இரண்டாம் தரம் எடுத்துத் தேறினேன். அதே வருடம் தம்பியும் தேறினான். உயர்தர விஞ்ஞான வகுப்பு நகரத்துப் பாடசாலையில்தான் இருந்தது. செய்முறைப் பாடம் உள்ள நாட்களில் வகுப்பு விடப் பின்னேரம் நாலரை ஆகும். குச்சவெளியிலிருந்து வரும் பஸ் காலையில் சனமும் மீன் கூடையுமாகப் பிதுங்கிக்கொண்டு எங்கள் சந்தியில் நிற்காமலே போகும். பின்னேரம் அது எப்போது திரும்பி வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. தம்பி சைக்கிளில் போய் வரட்டும் என்று முடிவாயிற்று. என் கதைதான் நடுவில் நின்றது.

"பொம்பிளைப் பிள்ளை இருட்டினாப் பிறகு றோட்டில நிக்க ஏலாது," என்றார் அப்பா.

அம்மாதான் வழி சொன்னாள். ஜப்பான் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். பழைய இங்கிலீஷ் கார்களைத் தேடுவாரில்லாமல் அவை மலிந்து கிடந்தன. "ரெண்டு பேருக்குமாய் ஒரு பழங்கார் எடுங்கோவன்," என்றாள் அம்மா. தம்பி துள்ளிக் குதித்தான். "நான் ஓட்டுவன்!"

"நீ எப்பிடியடா ஓட்டுவாய்? லைசென்சுக்கு உனக்கு வயசு வரேல்ல. வயசு வந்தது இவளுக்குத்தான்," என்று அம்மா ஒரு போடு போட்டாள்.

எங்கள் கரையில் அதுவரை எந்தப் பெண்ணும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. அப்பா சாப்பிட்ட கையைக் காயவிட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு, "தை மாசம் வகுப்புத் தொடங்க முன்னம் நல்ல கார் ஒண்டு அம்பிட்டால் பாப்பம். அம்பிடாட்டி இவள் வீட்டில இருந்து தையல் பழகட்டும்," என்றார். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். தையலாம் தையல்!

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இதே வேலை. திருகோணமலையில் கடற்காற்று இரும்பைத் தின்னும். வெளியே பளபளவென்று நிற்கிற காரின் கால் விரிப்பைத் தூக்கினால் அடித்தகடு அரித்துப்போய் முறுக்கு மாதிரி இருக்கும். அப்பா தண்ணீர் கேட்பார். சிலர் ஏசினார்கள், சிலர் சிரித்தார்கள், சாம்பல்தீவில் ஒருவர் மட்டும் பேசாமல் கிணற்றடியைக் காட்டினார். அந்தக் காரில் ஊற்றிய தண்ணீர் ஊற்றின வேகத்திலேயே கீழே வந்து அப்பாவின் சாறத்தை நனைத்தது.

நிலாவெளியில் ஒரு சிவப்புக் கார் பார்த்தோம். ஹோட்டலுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கிய கார். தம்பி அதைக் கண்டதும் சொக்கிப்போனான். உள்ளே ஏறி இருந்து, ஒரு கையை வெளியே தொங்கப்போட்டு, "அக்கா, ஒருக்கா தள்ளி நிண்டு பார், நான் எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டான். குரங்கு மரத்தில் இருக்கிற மாதிரி இருந்தான், அதைச் சொன்னேன். அதற்குள் அப்பா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வள்ளப் பலகையைத் தட்டுவதுபோல் மடித்த விரலின் கணுவால் தட்டிக்கொண்டு போனார். தட், தட், தட், பிறகு சத்தமில்லை. விரல் உள்ளே போய்விட்டது. காரின் சொந்தக்காரரும் குனிந்து பார்த்து, "அட, இது எப்ப?" என்று எங்களையே கேட்டார். தம்பி அன்று இரவு சோறு தின்னவில்லை.

இதுவரைக்கும் அப்பா செய்தது சரிதான். உப்புவெளியில் பார்த்த கார்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நல்ல கார், மலிவான விலை, ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்றது. நெடுநேரம் பார்த்து ஒரு மூலையில் ஒரே ஒரு சொட்டைக் கண்டுபிடித்தார் அப்பா. "ஒழுகுது. வேண்டாம்," என்று எழும்பிவிட்டார். ஒரு சொட்டுக்காக வேண்டாமாம்! இதைவிட மோசமாக ஒழுகிய வள்ளத்தை வாங்கி, அடைத்து, வருடக்கணக்காக அதில் தொழிலுக்குப் போன மனிதர் அவர். அன்று முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கார்த்திகை பிறந்து மாரி மழையும் தொடங்கிவிட்டது. கிண்ணியாவில் ஒரு கார் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அப்போது கிண்ணியாத் துறையைக் கடக்கப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில் வாகனமும் சனமும் ஒன்றாக ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். காரின் சொந்தக்காரர் நெல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் முதலாளி, வாய் நிறையச் சிரிப்பு. கார் சாம்பல் நிறம், அதுவும் மொரிஸ் மைனர்தான். பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒரு பக்கம் இல்லை, பின் சீற்றின் இடுக்கெல்லாம் உமி. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா வாளியைக் கேட்டதும் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு வாளி காணுமா அண்ணன்? ரெண்டு கொண்டு வரச் சொல்றன்." தானே நின்று ஊற்றினார். நாங்கள் எல்லோரும் குந்தியிருந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. அப்பா அடியில் புகுந்து கையால் தடவித் தடவிப் பார்த்தார், கை காய்ந்தபடியே வெளியே வந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் பிடித்துக்கொண்டது. "எடுங்க அண்ணன். புள்ளையளுக்கு ஏத்த கார். வேகமாப் போகச் சொன்னாலும் போகாது," என்றார் முதலாளி. தம்பிகூடச் சிவப்புக் காரை மறந்து தலையாட்டினான்.

அப்பா தோளில் கிடந்த துவாயால் கையைத் துடைத்தார். "யோசிச்சுச் சொல்லுறன் முதலாளி," என்றார்.

பாதையில் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது கரையை விட்டு நகர்ந்ததும் வெடித்துவிட்டேன்.

"உங்களுக்குக் கார் பிடிக்கேல்லையோ, நான் போறது பிடிக்கேல்லையோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ!"

பாதையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடடா!" என்று அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். அப்பா கோபிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"பிள்ளை, நீ கடலில நிண்டால் காத்து எங்க திரும்பும், நீர் எந்தப் பக்கம் இழுக்கும் எண்டு எனக்குத் தெரியும். நீ பிந்தினால் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வருவன். வள்ளம் இல்லாட்டி நீந்தி வருவன். றோட்டைப் பற்றி எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. நீ வரப் பிந்தினால் நான் உன்னை எங்க எண்டு தேடுறது?"

இவ்வளவு காலமும் அவர் வாளியோடு தேடியது ஓட்டையை அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ பாவம் என்று இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப நீங்கள் தொழிலுக்குப் போய்ப் பிந்தினால், அம்மா உங்களை எங்க எண்டு தேடுறவ?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. கடலில் எந்தத் திக்கில் எந்த மீன் படும் என்பதும் தெரியாது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் போன பிறகு உலை வைத்து, அவர் வரும்வரை அதன் பக்கத்தில் காத்திருந்தவள் அவள்.

பாதை கரை தட்டியது. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள், லொறி இறங்கியது. நானும் தம்பியும் இறங்கித் திரும்பிப் பார்த்தால் அப்பா நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

"ஏறுங்கோ ரெண்டு பேரும்," என்றார். "முதலாளி வேற ஆருக்கும் குடுக்க முன்னம் போவம்."

முதலாளியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து விட்ட காரை அப்பா சும்மா விட்டாரா? மறுநாள் காலை நான் எழும்பிப் பார்க்கும்போது முற்றத்தில் கரைச் சனம் பாதி கூடி நிற்கிறது. அப்பா ஒரு சாக்கை விரித்துக் கதவுக்கு நேரே படுத்துக் கிடக்கிறார். "பாத்தியோ பிள்ளை, முதலாளிக்கே தெரியாது. கதவுகளுக்கு அடியில வரிசையா ஓட்டை!" என்றார். புதையல் எடுத்தவர்போல அவ்வளவு சந்தோஷம். வள்ளத்துப் பலகை இடுக்கை எப்படிப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பாரோ, அப்படியே நாலு... இல்லை, அந்தக் காருக்கு இரண்டு கதவுதான், இரண்டையும் இறுக்கி அடைத்தார். போதாக்குறைக்கு அடித்தகடு முழுக்கச் சுறா எண்ணெயும் பூசினார். அந்த நாற்றம் இருக்கிறதே! பூனைகள் காரைச் சுற்றி வந்து குடியிருந்தன. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதில போனால் றோட்டில ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம், பிள்ளைக்குப் பாதுகாப்புத்தான்," என்றாள்.

என்னை நகரத்தில் கார் பழக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அம்மாதான். அவர்களுடைய காரில்தான் பழகினேன். எங்கள் கார் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. மார்கழியில் பரீட்சைக்குத் திகதி வந்தது. இதில் தவறினால் அடுத்த தரத்துக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமோ, அதற்குள் வகுப்புத் தொடங்கிவிடும். பரீட்சைக்கு எங்கள் காரையே கொண்டுபோனோம். நான் ஓட்ட, பழக்கியவர் பக்கத்தில் இருந்தார், அப்பாவும் தம்பியும் பின்னால். வழி முழுக்க 'சளக் சளக்' என்று ஒரு சத்தம். பெற்றோல் குலுங்குகிறது என்றான் தம்பி. எனக்கிருந்த பயத்தில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மோட்டார்ப் பரிசோதகர் மொட மொடவென்று வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். ஏறியதும் மூக்கைச் சுருக்கினார். "பின்னால மீன் கிடக்கோ?" என்றார். "இல்லை சேர், சுறா எண்ணெய்," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சந்தி திரும்பினேன், சளக். கியர் மாற்றினேன், சளக். மேட்டில் நிறுத்தி எடுத்தேன், கார் ஒரு அங்குலமும் பின்னால் போகவில்லை. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. பிறகு, "சடுதியாப் பிரேக் பிடியுங்கோ பாப்பம்," என்றார்.

பிடித்தேன். அவர் பக்கத்துக் கதவுக்குள் பொங்கிய மழைத் தண்ணீர், கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பக்கத்தால் பீறிட்டு அந்த வெள்ளைக் காற்சட்டையில் கொட்டியது.

என் படிப்பு முடிந்தது, தையல்தான் என்று நினைத்தேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பரிசோதகர் கதவைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆர் இந்தக் கதவை அடைச்சது?"

"அப்பா சேர். எங்கட அப்பா வள்ளக்காரர்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா மழைக்கு ஒதுங்கி நின்றார். பரிசோதகர் நனைந்த காற்சட்டையோடு இறங்கி, "ஐயா, கண்ணாடி ஏறி இறங்கிற வெடிப்பால மழைத் தண்ணி கதவுக்குள்ள போகும். கீழ உள்ள ஓட்டையாலதான் அது வெளியில வரவேணும். அதுக்குத்தான் ஓட்டை," என்றார்.

அப்பா அவரை நம்பாமல் பார்த்தார். பிறகு குனிந்து கதவின் அடியை மோப்பம் பிடிப்பதுபோலப் பார்த்தார். பிறகு தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "அட கோதாரி!" என்று எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். மழைக்குள்ளேயே இருந்து ஆணி ஒன்றால் அடைப்பைக் குத்தி எடுத்தார், தண்ணீர் அவருடைய முழங்காலடியில் ஓடியது. பரிசோதகர் என்னிடம் திரும்பி, "உங்களுக்குப் பாஸ்தான் தங்கச்சி. அப்பாவுக்குத்தான் பெயில்," என்றார்.

தை மாதம் வகுப்புத் தொடங்கிய அன்று அப்பா தொழிலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒருவரையும் கேளாமல் பின் சீற்றில் ஏறி இருந்தார். மாடு குறுக்கே வந்தபோதும், எதிரே பஸ் வந்தபோதும் முன் சீற்றின் முதுகை அவர் இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை றோட்டிலேயே வைத்திருந்தேன்.

பாடசாலை வாசலில் நிறுத்தினேன். அப்பா முதலில் இறங்கிக் காவலாளியிடம் போனார். நான் புத்தகங்களை அள்ளிக்கொண்டிருந்தேன். காவலாளி தம்பியைக் காட்டி, "உங்கட பெடியன் நல்லாத்தான் ஓட்டுறான் அண்ணை," என்றது என் காதில் விழுந்தது.

"பெடியன் இல்லை," என்றார் அப்பா. "ஓட்டினது என்ர மூத்தவள். இஞ்ச விஞ்ஞானம் படிக்கிறாள்."

அவர் அதோடு பஸ் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். "அப்பா, பின்னேரம் எங்களோட வரமாட்டியளோ? எங்க நிப்பியள்?"

"நான் இஞ்ச நிண்டு என்ன செய்ய? நீதானே ஓட்டிக்கொண்டு வரப்போறாய்," என்றார். கொஞ்சம் நின்று யோசித்தார். "நாலரைக்குத்தானே விடும்? அம்மாட்டச் சொல்லுறன், அதுக்குப் பிறகு உலை வைக்கச் சொல்லி."